கைவிடப்பட்ட ஆலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பூட்டிக் கிடக்கும் ஆலை, அணைந்துபோன உலை, ஆளில்லாத சுரங்கக் குடியிருப்பு இவற்றில் ஆர்வம் வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைக் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வரும், வாதத்துக்கு இடமானவை பின்னால் வரும். பூட்டை எப்படித் திறப்பது, காவலாளி எத்தனை மணிக்குக் கண்ணயர்வார் என்ற கேள்விகளும் வருவதுண்டு. அவற்றுக்கு இங்கே பதில் கிடையாது.

இடிந்த சுவரும் துருப்பிடித்த இரும்பும்தானே? இதில் பார்க்க என்ன இருக்கிறது?

கோட்டையைப் பார்க்கப் போகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அரசன் உறங்கிய அறையைப் பார்ப்பது கல்வி, ஆயிரம் பேர் நாள் முழுக்க நின்று வேலை செய்த கூடத்தைப் பார்ப்பது வெட்டி வேலை என்று நம் மனத்தில் எப்படியோ பதிந்திருக்கிறது. கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் மனிதர்கள் உடுத்தும் துணியும் ஏறும் வண்டியும் தூங்கி எழும் நேரமும் மாறியதற்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் ஏதோ ஓர் ஆலையின் வாசலில்தான் போய் நிற்போம்.

உலகம் இதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. ஜெர்மனியின் ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1986-இல் உலையை அணைத்தது, 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சிலி நாட்டுப் பாலைவனத்தில் 1960-இல் வெறிச்சோடிப்போன உரத்துக்கான நைட்ரேட் உப்பை எடுத்த ஹம்பர்ஸ்டோன் ஆலையும் அதன் தொழிலாளர் ஊரும் 2005-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

அப்படியானால் மூடிக் கிடக்கும் எல்லா ஆலையும் பாரம்பரியச் சின்னமா?

இல்லை. ஒரே அச்சில் வார்த்த நூறு கிடங்குகள் இருந்தால் நூறையும் காப்பாற்ற எந்த நாட்டாலும் முடியாது. முதன்முதலாகக் கட்டப்பட்டது, அந்த வகையில் கடைசியாக மிஞ்சியது, எந்திரங்கள் கலையாமல் இருப்பது, ஓர் ஊரே அதை நம்பி உருவானது ஆகிய நான்கில் ஒன்றாவது பொருந்த வேண்டும் என்பது என் அளவுகோல். இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் 1797-இல் எழுந்த டிதரிங்டன் ஆளிநார் (லினன் துணிக்கான நார்) ஆலை, தூணும் விட்டமும் இரும்பாலேயே ஆன உலகின் முதல் கட்டடம். பார்வைக்குச் சாதாரணச் செங்கல் கட்டடம்தான், ஆனால் இன்றைய வானுயரக் கட்டடங்களின் வம்சாவளி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொழில்துறைப் பாரம்பரியத்துக்கான சர்வதேசக் குழு 2003-இல் நிஷ்னி தாகில் என்ற ரஷ்ய நகரில் ஒரு சாசனத்தை ஏற்றது. கட்டடமும் எந்திரமும் மட்டுமின்றிக் கிடங்கு, சுரங்கம், ரயில் பாதை, தொழிலாளர் வீடு, வழிபாட்டிடம், பள்ளி எல்லாம் இந்தப் பாரம்பரியத்தில் சேரும் என்பது அதன் சாரம். சாதாரண ஆண்களும் பெண்களும் வாழ்ந்த வாழ்க்கையின் பதிவு என்பதையும் அது ஒரு மதிப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

வருடக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத இடத்துக்குள் போனால் என்ன தவறு?

யாருக்கும் சொந்தமில்லாத ஆலை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. கடன் கொடுத்த வங்கி, நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் அமர்த்திய அதிகாரி, வழக்காடிக்கொண்டிருக்கும் வாரிசுகள், அரசு என்று யாரோ ஒருவரின் பெயர் பத்திரத்தில் இருக்கும். அனுமதியின்றி நுழைவது சில நாடுகளில் உரிமையியல் வழக்கோடு முடியும், சில நாடுகளில் கைது வரை போகும். ரயில்வே, ராணுவம், மின்நிலையம் தொடர்பான இடங்களில் எங்கும் தாட்சண்யம் இருக்காது. போகும் நாட்டின் சட்டத்தை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்.

கேட் திறந்துதான் கிடந்தது, எச்சரிக்கைப் பலகைகூட இல்லை. அப்போதுமா?

அப்போதும்தான். திறந்த கதவு அழைப்பு ஆகாது. பூட்டு உடைந்து கிடந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ போயிருக்கிறார்கள், பெரும்பாலும் இரும்பும் செம்பும் திருடப் போனவர்கள். அவர்கள் எதையெல்லாம் கழற்றிச் சென்றார்கள் என்பது பின்னால் வரும் ஆபத்துக் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

அனுமதி கேட்டால் எப்படியும் மறுக்கத்தானே போகிறார்கள்? கேட்டு என்ன பயன்?

மறுப்பார்கள் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கேட்டதே இல்லை. உரிமையாளருக்கு இரண்டு பயம் இருக்கும். நீங்கள் விழுந்து கையை காலை உடைத்துக்கொண்டு அவர் மேல் வழக்குப் போடுவீர்களோ என்பது ஒன்று. படம் எடுத்து அவர் மானத்தை வாங்குவீர்களோ என்பது இன்னொன்று. கடிதத்தில் இந்த இரண்டுக்கும் பதில் இருக்க வேண்டும்: எத்தனை பேர், எந்த நாள், எந்தப் பகுதி, எதற்காக, விபத்துக்கு யார் பொறுப்பு, படங்களின் நகலை அவருக்கு எப்போது தருவீர்கள். அவர்கள் தரப்பு ஆள் ஒருவர் கூடவே வரட்டும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆள் பல இடங்களில் அங்கேயே வேலை பார்த்த பழைய தொழிலாளியாக இருப்பார். முதலாளிக்குத் தெரியாத கதையெல்லாம் அவருக்குத் தெரியும்.

மறுத்தால் மறுத்ததுதான். முறைப்படி திறந்துவிட்ட இடங்களுக்குப் போங்கள். புதியவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். முழுதாக நிற்கும் ஓர் ஊதுலையை (தாதுவை உருக்கி இரும்பெடுக்கும் உயரமான உலையை) பார்த்தவருக்கே சிதைந்த ஊதுலையில் எது காணாமல்போனது என்று தெரியும். அங்கும் நினைத்தபடி சுற்றலாம் என்று எண்ணவேண்டாம். 1974-இல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டு ஆளற்றுப்போன ஜப்பானின் ஹஷிமா தீவில் 2009 முதல் பார்வையாளர்களை விடுகிறார்கள். ஆனால் குறிக்கப்பட்ட நடைபாதையைத் தாண்டக் கூடாது, கட்டடங்களுக்குள் நுழையவே முடியாது.

உள்ளே போகாமல் வெளியே நின்று எதையாவது தெரிந்துகொள்ள முடியுமா?

பாதிக்கு மேல் வெளியிலிருந்தே தெரிந்துவிடும். கூரை ரம்பப் பல் போல மடிந்து மடிந்து இருந்தால், பல்லின் செங்குத்தான பக்கம் எந்தத் திசையை நோக்குகிறது என்று பாருங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் நாடுகளில் அது வழக்கமாக வடக்கு நோக்கியும், தெற்கே இருக்கும் நாடுகளில் தெற்கு நோக்கியும் இருக்கும். நேர்வெயில் படாமல் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். இழை அறுந்ததா என்று கண்ணால் பார்த்துச் செய்யும் நெசவு போன்ற வேலைகள் அந்தக் கூரையின் கீழ் நடந்திருக்கலாம்.

புகைபோக்கி நின்றால் அதனடியில் கொதிகலன் இருந்தது, கொதிகலன் இருந்தால் அருகே தண்ணீர் இருந்தது. குளமோ கால்வாயோ ஆறோ தேடுங்கள். மேல்மாடிச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கதவுகள், உச்சியில் வெளியே நீட்டிய ஒரு விட்டம் இருந்தால் சரக்கை ஏற்றி இறக்கிய இடம் அது. ஒரு சுவரின் நடுவே செங்கல் நிறம் மாறினால் அங்கே ஏதோ ஒரு வாயிலை அடைத்திருக்கிறார்கள். ஓர் எந்திரத்தை உள்ளே கொண்டுபோகச் சுவரை இடித்துப் பிறகு மூடியதாகவும் இருக்கலாம்.

உள்ளே போனால் எனக்குத் துருவும் தூசியும்தான் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தரையைப் பாருங்கள், பாதுகாப்புக்காகவும் வரலாற்றுக்காகவும். எண்ணெய் ஊறிக் கறுத்த தரையில் நீள்சதுரமாக ஒரு வெளிர்ந்த இடம் தெரிந்தால் எந்திரம் அங்கே நின்றது. நான்கு மூலையிலும் அறுத்தெடுத்த போல்ட்டின் தண்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் பலகை லேசாகக் குழிந்திருக்கும். அங்கேதான் ஒருவர் மாற்றி ஒருவராக, தலைமுறைக்கு நின்றிருக்கிறார்கள். குழிவு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் எந்திரத்தின் முகம் எது, முதுகு எது என்பது புரியும். வேலையின் ஓட்டமும் அங்கிருந்து பிடிபடும்.

அடுத்து அண்ணாந்து பாருங்கள். தூண்களின் தலையருகே, வரிசையாக ஒரே உயரத்தில், தட்டையான முகமும் போல்ட் துளைகளும் கொண்ட புடைப்புகள் இருக்கிறதா? கட்டடத்தின் நீளத்துக்கும் ஓடிய ஷாஃப்டை, அதாவது சுழலும் நீண்ட இரும்புத் தண்டை, தாங்கிய இடங்கள் அவை. தனித்தனி மின்மோட்டார்கள் வருவதற்கு முன், ஒரே நீராவி எந்திரம் அந்த ஷாஃப்டைச் சுழற்ற, அதிலிருந்து தோல் பட்டைகள் கீழே இறங்கி ஒவ்வோர் எந்திரத்தையும் ஓட்டின. கட்டடம் ஏன் இவ்வளவு நீளமாகவும் குறுகலாகவும் இருக்கிறது என்று குழம்புகிறவர்களுக்கு இந்த ஷாஃப்ட்தான் பெரும்பாலும் விடை.

ரயில் தண்டவாளம் கிடந்தால் குனிந்து அதன் இடுப்புப் பகுதியைப் பாருங்கள். உருக்கி உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் பல தண்டவாளங்களில் புடைப்பெழுத்தாக இருக்கும். துரு மூடியிருந்தால் சுரண்டக் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். ஆனால் தண்டவாளத்தின் வயதை வைத்து ஆலையின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். பழைய தண்டவாளத்தை வாங்கித் தூணாகவும் விட்டமாகவும் நட்டுக்கொண்ட ஆலைகள் ஏராளம்.

உண்மையில் எது ஆபத்து? பாம்பா, போக்கிரிகளா?

பயப்பட வேண்டியது பள்ளத்துக்கு. கூரை ஒழுகும் கட்டடத்தில் மரத்தளம் மேலே முழுதாகத் தெரியும், அடியில் உத்தரத்தின் நுனி சுவருக்குள் உளுத்துப்போயிருக்கும். கான்கிரீட்டும் நிரந்தரமல்ல. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருமனாகும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் சில்லுசில்லாகப் பெயரும். அடிப்பக்கம் கம்பி தெரியும் தளத்தின் மேலே போகாதீர்கள், கீழேயும் நிற்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டின் மேல் கால் வைப்பது தற்கொலைக்குச் சமம்.

இரும்புத் திருடர்கள் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? அவர்கள் முதலில் எடுப்பது கழற்ற எளிதானதை. சாக்கடை மூடி, நடைமேடையின் கம்பிவலை, படிக்கட்டின் கைப்பிடி எல்லாம் போயிருக்கும். இருட்டில் மூடியில்லாத குழி கண்ணுக்குப் படாது. தண்ணீர் நிறைந்த குழியில் பாசி படர்ந்தால் பட்டப்பகலிலேயே பச்சைத் தரையாகத் தெரியும். மின்சாரம் எப்போதோ துண்டிக்கப்பட்டிருக்கும் என்ற ஊகமும் வேண்டாம். பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் உயரழுத்த இணைப்பு அதே வளாகத்தின் வழியாக உயிரோடு ஓடிக்கொண்டிருக்கலாம்.

தனியாகப் போகக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வெளியில் ஒருவருக்குச் சொல்லிவைக்க வேண்டும். துருவேறிய ஆணி குத்தினால் வில்லன் துரு அல்ல, மண்ணில் இருக்கும் டெட்டனஸ் கிருமி. ஆகவே தடுப்பூசியைப் போவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

முகமூடி போட்டுக்கொண்டால் போதும்தானே?

தூசிக்கு உதவும், அதுவும் சரியான முகமூடியாக இருந்தால். கொதிகலன், நீராவிக் குழாய்களின் மேல் சுற்றிய வெண்ணிறப் பூச்சு பல பழைய ஆலைகளில் ஆஸ்பெஸ்டாஸ்தான். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாது, இருமல்கூட வராது. நோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்து வரும். துணி முகமூடியும் அறுவை முகமூடியும் அதைத் தடுக்காது. முகத்தோடு கச்சிதமாகப் பொருந்தும் உயர்தர வடிகட்டி முகமூடி வேண்டும். குழாய் உறை கிழிந்து தொங்கும் அறையாக இருந்தால் எந்த முகமூடி இருந்தாலும் திரும்பிவிடுவதே உத்தமம்.

வாயுவுக்கு இந்தத் தூசி முகமூடி எந்த விதத்திலும் பயன்படாது. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: வெறும் இரும்புத் தொட்டி, நச்சுப் பொருள் எதுவும் இல்லாமல் சுத்தமாக இருந்தாலும் ஆளைக் கொல்லும். துருப்பிடிப்பது என்றாலே இரும்பு ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதுதான். மூடிய தொட்டியில் அது ஆண்டுக்கணக்கில் நடந்தால், காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் உயிர்வாழப் போதாத அளவுக்கு இறங்கிவிடும். மூச்சு முட்டும் உணர்வே வராமல் மயங்கி விழுவார்கள். காப்பாற்ற இறங்கியவரும் பக்கத்திலேயே விழுவார். சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை வாடையடிக்கும், ஆனால் செறிவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். தொட்டி, குழி, நிலவறை எதிலும் இறங்காதீர்கள்.

கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் போகலாமா?

போன பதிலின் கடைசி வாக்கியம்தான். முறையான வழிகாட்டியோடு திறந்திருக்கும் சுரங்கங்கள் உலகெங்கும் உண்டு.

மூடிய டப்பா, பழைய கருவி ஏதாவது கிடந்தால் திறந்து பார்க்கலாமா?

1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில் நடந்ததைச் சொல்கிறேன். இடம் மாறிய ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் தன் பழைய கட்டடத்தில் ஓர் எந்திரத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. இரும்பு விற்றுப் பிழைக்க நினைத்த இருவர் அதைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த சீசியம் 137 என்ற கதிரியக்கப் பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போனது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தப் பொடியை அதிசயம் என்று வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், 249 பேர் மாசுபட்டிருந்தது தெரியவந்தது.

ஆலைகளிலும் அளவு பார்க்கும் கருவிகளில் கதிரியக்க மூலங்கள் இருந்ததுண்டு. பழைய மின்மாற்றி எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இருக்கலாம், உடைந்த அளவுமானியிலிருந்து பாதரசம் சிந்தியிருக்கலாம். தொடாமல் படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். மூவிலை போன்ற கதிரியக்கக் குறியைக் கண்டால் வெளியே வந்து அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள்.

ஒரு சின்ன ஞாபகப் பொருள் எடுத்துவந்தால் என்ன? எப்படியும் குப்பைக்குத்தானே போகும்?

சட்டத்தின் பார்வையில் அது திருட்டு. எனக்கு அதைவிட வருத்தம் தருவது வேறு. எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை வருகைப் பலகையின் ஆணியில் தொங்கும்போது அது யாருடையது, எந்தப் பிரிவு, அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லும். உங்கள் மேஜையில் அது வெறும் பித்தளை. ஹம்பர்ஸ்டோன் போன்ற நைட்ரேட் ஊர்களில் கூலியையே நிறுவனத்தின் வில்லைகளாகத்தான் கொடுத்தார்கள், அவை நிறுவனத்தின் கடையில் மட்டுமே செல்லும். அங்கே கிடைக்கும் ஒரு வில்லை அந்தச் சுரண்டலுக்குச் சாட்சி.

கலிஃபோர்னியாவின் போடி என்ற கைவிடப்பட்ட தங்கச் சுரங்க ஊரிலிருந்து பொருள் எடுத்துப்போனவர்கள், அதற்குப்பின் துரதிர்ஷ்டம் துரத்துவதாகச் சொல்லி மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். சாபத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அந்த வதந்தி பரவுவதில் ஆட்சேபமும் இல்லை.

நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எங்கே என்று எல்லாருக்கும் சொல்லலாமா?

பாதுகாப்பு இல்லாத இடமாக இருந்தால் வேண்டாம். படம் பிடிக்க வருபவருக்குப் பின்னால் சுவரில் கிறுக்குபவர் வருவார், அவருக்குப் பின்னால் செம்புக் கம்பி உரிப்பவர், கடைசியில் தீவைப்பவர். கைப்பேசிப் படத்துக்குள் இருப்பிடத் தகவல் ஒளிந்திருக்கும், அதை நீக்கிய பிறகே பகிருங்கள். அதேசமயம் பாரம்பரியத் துறைக்கும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களுக்கும் மறைக்காதீர்கள். யாருக்கும் தெரியாத இடம் யாருக்கும் தெரியாமலே இடிபடும்.

சிதிலத்தை அழகழகாகப் படம் எடுப்பது, அங்கே வேலை இழந்தவர்களைக் கேலி செய்வது போலாகாதா?

அமெரிக்காவின் கார்த் தொழில் நகரமான டெட்ராய்ட்டின் கைவிடப்பட்ட ஆலைப் படங்கள் பிரபலமானபோது அந்த ஊர்க்காரர்கள் இதையேதான் சொன்னார்கள். லட்சக்கணக்கானோர் வாழும் ஊரை யாருமற்ற சுடுகாடாகக் காட்டினால் கோபம் வரத்தான் செய்யும். அழகாக எடுப்பதில் தவறில்லை. ஆலையின் பெயர், என்ன செய்தது, எப்போது ஏன் மூடப்பட்டது என்ற நான்கு வரிகூட இல்லாமல் எடுப்பதில்தான் தவறு. கிழிந்த பொம்மையைக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்துப் படமெடுப்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

ஜெர்மன் புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட், ஹில்லா பெஷர் தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் ஆலைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் ஊதுலைகளையும் படமெடுத்தார்கள். மேகமூட்டமான வானம், நேரான கோணம், கறுப்பு வெள்ளை, நாடகமே கிடையாது. ஒரே வகைக் கட்டமைப்புகளை வரிசையாக அடுக்கிவைத்தபோதுதான் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபாடு என்று உலகம் பார்த்தது. பல கட்டமைப்புகள் இன்று இல்லை, படம் இருக்கிறது.

அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் கிடைத்தார். என்ன கேட்பது?

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாகத்தான் இருந்தது" என்று முடித்துவிடுவார். அவர் கை செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள்: முதலில் எதைத் திருகுவீர்கள், எந்தச் சத்தம் வந்தால் எந்திரத்தை நிறுத்துவீர்கள், சாப்பாட்டை எங்கே வைப்பீர்கள், எந்த வேலைக்கு யாரும் போக விரும்பமாட்டார்கள். உங்கள் படங்களை அச்சிட்டு எடுத்துப்போங்கள். படத்தில் விரல் வைத்து அவர் பேசத் தொடங்குவது எந்த ஆவணத்திலும் இராது. பதிவு செய்ய அவர் சம்மதம் வேண்டும், பெயர் போடுவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

புகை கக்கி, ஆட்களை வதைத்த ஆலையை எதற்காகப் பாதுகாக்க வேண்டும்?

வதைத்ததையும் சொல்வதாக இருந்தால் பாதுகாக்கலாம். ஹஷிமா உள்ளிட்ட ஜப்பானின் தொழிற்புரட்சித் தலங்கள் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, போர்க்காலத்தில் கொரியர்களை அங்கே கட்டாய உழைப்புக்கு உட்படுத்தியதை எடுத்துச்சொல்ல வேண்டும் என்ற பெரும் சர்ச்சை எழுந்தது. அதை எடுத்துச்சொல்வதாக ஜப்பான் தந்த வாக்குறுதியை முழுதாக நிறைவேற்றவில்லை என்று 2021-இல் உலகப் பாரம்பரியக் குழு கடும் வருத்தம் தெரிவித்தது. கட்டடம் நிற்பதால்தான் அந்தக் கேள்வியும் நிற்கிறது. இடித்துவிட்டுப் பூங்கா போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

மாசு வேறு விஷயம். நச்சு மண்ணை அப்படியே விட்டுவிட்டு மலர்ச்செடி நடுவது பாதுகாப்பாகாது, முதலில் மக்களின் உடல்நலம்.

உணவகமாகவோ கலைக்கூடமாகவோ மாற்றிவிட்டால் அது பாதுகாப்பா, கொலையா?

என்ன மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. லண்டனில் 1981-இல் நின்றுபோன பாங்க்சைடு மின்நிலையம் 2000-இல் டேட் மாடர்ன் கலைக்கூடமானது. டர்பைன்கள் இல்லை, ஆனால் டர்பைன் கூடத்தின் பேருருவத்தை உடைக்காமல் விட்டதால் உள்ளே நுழைந்ததும் இது ஒரு மின்நிலையம் என்று உடம்புக்குத் தெரிகிறது. ஜெர்மனியின் டுயிஸ்பர்க்கில் 1985-இல் நின்ற இரும்பாலையைப் பூங்காவாக்கிய நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். ஊதுலை அங்கேயே நிற்கிறது, அதன்மேல் ஏறலாம். வாயுத்தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். போடி ஊரிலோ நேர்மாறு: கூரை ஒழுகாமலும் சுவர் சாயாமலும் மட்டும் பார்த்துக்கொண்டு, மற்றதை அழிவின் பாதி வழியில் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

முகப்புச் சுவரை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் அடுக்குமாடி எழுப்புவது நான்காவது வகை. அதற்குச் சுவரையும் இடித்துவிடலாம்.

அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள். இனி என்ன செய்ய முடியும்?

நிறுத்த முடிவதும் உண்டு. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ட்சோலர்ன் நிலக்கரிச் சுரங்கத்தின் எந்திரக்கூடத்தை இடிக்க 1969-இல் ஏற்பாடானபோது, கலைஞர்களும் கட்டடக்கலை அறிந்தவர்களும் எதிர்த்து எழுதினார்கள், பெஷர் தம்பதியும் அதில் இருந்தார்கள். கூடம் காக்கப்பட்டது, இன்று அருங்காட்சியகம். அழகான கட்டடம் என்பது அவர்களுக்குக் கைகொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அழகில்லாத ஆலைக்கு அந்த அதிர்ஷ்டம் அரிது.

நிறுத்த முடியாது என்று தெரிந்தால் பதிவில் இறங்குங்கள், மேலே சொன்னபடி அனுமதியோடு. முதலில் காகிதம்: அலுவலக அறையில் கிடக்கும் வரைபடம், பதிவேடு, எந்திரக் கையேடு ஆகியவற்றை ஆவணக் காப்பகத்துக்குத் தரச்சொல்லி உரிமையாளரிடம் கேளுங்கள். இடிப்பவர்கள் முதல் நாளே எரிப்பது அவற்றைத்தான். பிறகு சரக்கு நுழைந்த வாசலில் தொடங்கிப் பொருள் வெளியேறிய வாசல் வரை, வேலை நடந்த வரிசையிலேயே படம் எடுங்கள். ஒவ்வொரு கூடத்திலும் நான்கு மூலையிலிருந்தும் ஒன்று, தரை ஒன்று, கூரை ஒன்று, எந்திரத்தின் பெயர்த்தகடு ஒன்று. அளவு தெரிய ஒரு மீட்டர் கோலைப் படத்துக்குள் வையுங்கள், எந்தப் படம் எங்கே எடுத்தது என்று ஒரு தாள் வரைபடத்தில் எண்ணிட்டுக்கொண்டே வாருங்கள். அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய பொறியியல் மரபுப் பதிவுத் திட்டமும் அளந்த வரைபடம், படம், எழுத்து வரலாறு என்ற இந்த மூன்றையும்தான் சேர்க்கிறது. முடிந்ததும் நகல்களை ஒரு நூலகத்துக்கும், ஓர் ஆவணக் காப்பகத்துக்கும், அங்கே வேலை பார்த்தவர்களின் சங்கம் இருந்தால் அதற்கும் கொடுத்துவிடுங்கள்.